வாசகர் கேள்வி–பதில்: எலினோர் மக்கோபி, நூற்றொரு வயது கண்ட குழந்தை உளவியலாளர்

சென்ற இதழில் பிள்ளை வளர்ப்பு பற்றிய ஒரு பதிலின் நடுவே, அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் எலினோர் மக்கோபியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். 1917ஆம் ஆண்டு பிறந்து 2018 டிசம்பரில் மறைந்தவர், மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர், பேரப்பிள்ளைகளைக் கண்டவர், கருணை மிக்கவர் என்ற அளவில் நின்ற குறிப்பு அது. அதைப் படித்துவிட்டு அவரைப் பற்றி மேலும் கேட்டு வந்த கடிதங்கள் பல என்பதால், இந்த இதழின் கேள்விகள் அனைத்தையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மக்கோபி மனநலம் குன்றிய குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தவரா? அவரைக் கருணை மிக்கவர் என்று எந்த அடிப்படையில் எழுதினீர்கள்? (வாசகி, திருச்சி)

அவர் சிகிச்சை அளித்தவர் அல்லர். உளவியலாளர் என்றவுடன் எதிரில் ஒரு நாற்காலியும், அதில் அமர்ந்து மனம் திறக்கும் ஒருவரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. மக்கோபி அந்த வகையைச் சேர்ந்தவர் அல்லர். நோய் எதுவும் இல்லாத சாதாரணக் குழந்தைகள் சாதாரண வீடுகளில் எப்படி வளர்கிறார்கள் என்பதை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்த ஆய்வாளர், பேராசிரியர்.

வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் 1917 மே 15 அன்று எலினோர் எமன்ஸ் என்ற பெயரில் பிறந்தார். ரீட் கல்லூரியில் தொடங்கிய படிப்பை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முடித்தார். அங்கே, கற்றல் என்பதைத் தூண்டலுக்கும் செயலுக்கும் இடையே உண்டாகும் இணைப்பாக விளக்கிய எட்வின் கத்ரி அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். 1938ஆம் ஆண்டு நேதன் மக்கோபி என்ற சக உளவியலாளரை மணந்தார். போர்க்காலத்தில் தலைநகர் வாஷிங்டனில், வேளாண் துறையின் கீழ் இயங்கிய ஆய்வுப் பிரிவில் ரென்சிஸ் லைக்கர்ட்டின் தலைமையில் பணியாற்றினார். அரசின் திட்டங்களைப் பற்றிப் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை நேரில் கேட்டு அறிவதே அந்தப் பிரிவின் வேலை. ('முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்களில் ஒன்றைக் குறியிடச் சொல்லும் படிவத்தை நிரப்பாதவர்கள் இன்று குறைவு, அந்த முறைக்குப் பெயர் தந்தவர் இந்த லைக்கர்ட்தான்.) பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1950ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார், அதற்கான பரிசோதனையைச் செய்தது, செயலின் விளைவாகக் கிடைக்கும் பரிசு நடத்தையை எப்படி வடிவமைக்கிறது என்பதை ஆராய்ந்த பி. எஃப். ஸ்கின்னரின் ஹார்வர்டு ஆய்வகத்தில்.

கத்ரியிடமும் ஸ்கின்னரின் ஆய்வகத்திலும் பயின்ற ஒருவர், குழந்தையைப் பரிசும் தண்டனையும் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்ற முடிவோடு வெளியே வந்திருந்தால் வியப்பதற்கில்லை. மக்கோபியை வேறு வழியில் திருப்பியது, என் கணிப்பில், அந்தப் போர்க்காலக் கருத்தாய்வுப் பணிதான். முன்பின் அறியாத ஒருவரின் எதிரில் அமர்ந்து, விடையைத் தானே எடுத்துக்கொடுக்காமல், அவர் சொல்வதை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே அவருக்குப் படிந்தது. தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் பிற்காலத்தில் அவர் செய்ததும் அதுவே. பிறர் துயரத்துக்கு விரைந்து காரணம் கண்டுபிடித்து ஒருவர் தலையில் சுமத்துவதை, அதிலும் தாயின் தலையில் சுமத்துவதை, தன் துறையில் பலர் வழக்கமாகவே வைத்திருந்த காலத்தில் அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பேசினார். கருணை என்று நான் எழுதியது அதைத்தான்.

கேள்வி: அவருக்கு இந்தியாவுடன் ஏதேனும் தொடர்பு உண்டா? (வாசகர், அடையாறு)

நேரடியான தொடர்பு எதையும் நான் அறியேன். ஆனால் உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம். மக்கோபியின் பெற்றோர் பிரம்மஞான சபைக் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டவர்கள். மறுபிறவியில் நம்பிக்கை உடைய, புலால் உண்ணாத குடும்பம். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரு வீடு 1920களில் அப்படி இருந்ததற்கு, அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட சபையின் பரவலே காரணம். அவருடைய ஆய்வு நூல்களில் அந்தச் சிந்தனையின் சாயல் எதையும் நான் காணவில்லை.

கேள்வி: தண்டனையைப் பற்றி அவர் என்ன சொன்னார்? 'அடியாத மாடு படியாது' என்று என் மாமனார் ஓயாமல் சொல்கிறார். (வாசகி, கும்பகோணம்)

மக்கோபியின் பெயரை முதலில் பலரும் அறியச் செய்த நூலே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. ராபர்ட் சியர்ஸ், ஹாரி லெவின் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட 'பேட்டர்ன்ஸ் ஆஃப் சைல்ட் ரியரிங்' என்ற நூலுக்காக, பாஸ்டனை ஒட்டிய இரண்டு புறநகர்களில், மழலையர் வகுப்பில் பயிலும் பிள்ளைகளின் தாய்மார் 379 பேரிடம் விரிவாக நேர்காணல் எடுக்கப்பட்டது. பால் மறக்கச் செய்தது எப்படி, கழிவறைப் பழக்கம் கற்பித்தது எப்படி, பிள்ளை எதிர்த்துக் கை ஓங்கினால் என்ன செய்வீர்கள், கணவரும் நீங்களும் ஒத்துப்போகாத இடம் எது என்று ஒவ்வொரு தாயும் தன் சொற்களில் விவரித்தார். நேர்காணல்களைத் திட்டமிட்டு நடத்திய பொறுப்பில் பெரும்பங்கு மக்கோபியுடையது.

கிடைத்த முடிவுகளில் தண்டனை தொடர்பானவை ஒன்றுபோலவே இருந்தன. படுக்கையை நனைத்ததற்குக் கடுமையாகத் தண்டித்த தாய்மாரின் பிள்ளைகள் தொடர்ந்து படுக்கையை நனைத்தார்கள். முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாயே என்று தண்டிக்கப்பட்ட பிள்ளைகள், அவ்வாறு தண்டிக்கப்படாதவர்களைவிட அதிகமாகத் தாயை ஒட்டிக்கொண்டார்கள். முரட்டுத்தனத்தைக் கடுமையாகத் தண்டித்த வீடுகளில் முரட்டுத்தனம் மிகுந்திருந்தது. கழிவறைப் பழக்கத்தில் தாய் கடுமையாக இருந்தாலும், பொதுவாக அன்பு காட்டுபவராக இருந்தால் பிள்ளைக்கு அதனால் ஏற்பட்ட கலக்கம் குறைவு. அன்பு காட்டாத தாயிடம் அதே கடுமை பிள்ளையை நிலைகுலையச் செய்தது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நேர்மை. தண்டனையால் முரட்டுத்தனம் விளைந்ததா, முரட்டுப் பிள்ளை என்பதால் தாய் அதிகம் தண்டித்தாரா என்பதை ஒரே ஒரு நேர்காணலைக் கொண்டு பிரித்தறிய முடியாது. பெற்றோர் பிள்ளையை உருவாக்குவது போலவே பிள்ளையும் பெற்றோரை உருவாக்குகிறது என்ற எண்ணத்தைப் பிற்காலத்தில் வலியுறுத்தியவர்களில் மக்கோபியும் ஒருவர். அந்தத் தாய்மார் அனைவரும் அமெரிக்கப் புறநகரைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆயினும் உங்கள் மாமனார் சொல்லும் மாட்டுக்கு ஆதரவான சான்று அந்த 379 வீடுகளில் எங்கும் அகப்படவில்லை என்பதை அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

அந்த ஆய்வின் பின்கதை இன்னும் சுவையானது. அன்று ஐந்து வயதாக இருந்த அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை வேறு ஆய்வாளர்கள் 26 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்து, பிறர் துன்பத்தைக் கண்டு இரங்கும் குணம் அவர்களிடம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்த்தார்கள். 1990ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் காணப்பட்ட இரக்கத்தை எல்லாவற்றிலும் வலுவாக முன்னறிவித்தது, அவர்கள் ஐந்து வயதாக இருந்தபோது தந்தை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைகளில் எவ்வளவு பங்கெடுத்தார் என்பதுதான். தாய்மாரை மட்டுமே கேட்டு எழுதப்பட்ட நேர்காணல் தாள்களில் தந்தையின் பங்கு இப்படி ஒளிந்திருக்கும் என்று நூலை எழுதியவர்களே எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயம்.

கேள்வி: வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆய்வு எப்படிச் சாத்தியமாயிற்று? (வாசகி, சிங்கப்பூர்)

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த ஆண்டுகளில் அவர் பகுதி நேரமாகவே பணியாற்றினார். முனைவர் பட்டம் பெற்ற பிறகே, முப்பதுகளின் நடுவில், பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். 1958ஆம் ஆண்டு கணவர், மனைவி இருவருக்கும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துக் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கணவரும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருப்பதைப் பல நிறுவனங்கள் விரும்பாத காலம் அது.

பகுதி நேரப் பணியில் நின்ற பெண்ணுக்கு உயர்பதவி எட்டாது என்பது அன்றைய பொதுக் கணக்கு. பல இடங்களில் இன்றைய கணக்கும் அதுவே. மக்கோபி 1973ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு உளவியல் துறையின் தலைவரானார். அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் பெண் அவர். 1993இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது வயது 75ஐக் கடந்திருந்தது. அந்த அங்கீகாரம் மிகத் தாமதமாக வந்தது என்பதே என் கருத்து.

கேள்வி: ஆண்பிள்ளைக்குக் கணக்கு வரும், பெண்பிள்ளைக்கு மனப்பாடம் வரும் என்கிறார்களே, மக்கோபி இதை ஏற்றாரா? (ஆசிரியை, மதுரை)

கரோல் ஜாக்லின் என்ற இளைய ஆய்வாளருடன் சேர்ந்து அவர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட 'த சைக்காலஜி ஆஃப் செக்ஸ் டிஃபரன்சஸ்' உங்கள் கேள்விக்கான நேரடி விடை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, ஒவ்வொரு நம்பிக்கைக்கும் ஆதரவாக எத்தனை, எதிராக எத்தனை, வேறுபாடே இல்லை என்று கண்டவை எத்தனை என்று வரிசைப்படுத்திய பெருநூல் அது. மூன்றாவது வகையை எண்ணியதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது. ஆண் பெண் வேறுபாட்டைக் கண்டதாகச் சொல்லும் ஆய்வு எளிதில் அச்சேறும். தேடினோம், எதுவும் இல்லை என்று சொல்லும் ஆய்வு மேசை இழுப்பறையிலேயே உறங்கிவிடும். வேறு எதையோ தேடிய ஆய்வுகளில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்த 'வேறுபாடு இல்லை' என்ற வரிகளையும் இருவரும் பொறுமையாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தார்கள்.

பெண்பிள்ளைகள் எளிதில் பிறர் சொல்லுக்கு மயங்குவார்கள், தன்மதிப்புக் குறைந்தவர்கள், உருப்போடுவதில் வல்லவர்கள், ஆண்பிள்ளைகளே பகுத்தாராயும் திறன் உடையவர்கள் என்பன போன்றவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று அவர்கள் முடிவு கூறினார்கள். ஆகவே மனப்பாடம் பற்றிய நம்பிக்கை அங்கேயே விழுந்தது. ஓரளவு நிலைத்த வேறுபாடுகளாக அவர்கள் ஏற்றவை நான்கே: மொழித்திறனில் பெண்பிள்ளைகள் சற்று முன்னே; இடம், வடிவம் ஆகியவற்றை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறனிலும் கணிதத்திலும் ஆண்பிள்ளைகள் சற்று முன்னே; முரட்டுத்தனம் ஆண்பிள்ளைகளிடம் அதிகம். கணித வேறுபாடும் சிறு வயதில் காணப்படுவதில்லை, வளரிளம் பருவத்தில்தான் தலைகாட்டுகிறது என்றார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த இடைவெளியை மேலும் சுருக்கிவிட்டன.

நூலுக்கு எதிர்ப்பும் இருந்தது. ஜீன் பிளாக் என்ற உளவியலாளர், நன்கு செய்யப்பட்ட ஆய்வையும் அரைகுறையாகச் செய்யப்பட்ட ஆய்வையும் ஒரே தட்டில் வைத்து எண்ணியிருக்கிறார்கள் என்றும், சேர்க்கப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை மிகச் சிறு குழந்தைகளைப் பற்றியவை என்பதால் பின்னர் தோன்றும் வேறுபாடுகள் மறைந்துவிட்டன என்றும் 1976ஆம் ஆண்டு எழுதினார். இரண்டும் நியாயமான குறைகள் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் மக்கோபி அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வைத்துச் சோதித்தால் ஆண் பெண் வேறுபாடு இவ்வளவு குறைவாக இருக்க, பள்ளி மைதானத்தில் மட்டும் ஆண்பிள்ளைகள் ஒரு பக்கமும் பெண்பிள்ளைகள் ஒரு பக்கமும் பிரிந்து நிற்பது ஏன் என்று அவர் கேட்டார். ஜாக்லினும் அவரும் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு பரிசோதனையில், ஒருவரையொருவர் முன்பு அறியாத 33 மாதக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டார்கள். எது ஆண், எது பெண் என்று பார்ப்பவருக்கு எளிதில் தெரியாதபடி ஒரே மாதிரி உடை. ஒரே பாலினத்து இணைகள் அதிகமாகச் சேர்ந்து விளையாடின. ஆணும் பெண்ணுமான இணைகளில் பெண்குழந்தை அடிக்கடி விளையாட்டை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது. காரணத்தைத் தேடினால், 'வேண்டாம்', 'நிறுத்து' என்று ஓர் ஆண்குழந்தை சொன்னால் மற்ற ஆண்குழந்தை நிறுத்தியது. அதையே பெண்குழந்தை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்குழந்தையோ யார் சொன்னாலும் செவிசாய்த்தது. தன் சொல்லுக்கு மதிப்பு இல்லாத இடத்திலிருந்து யாராக இருந்தாலும் விலகத்தான் செய்வார்கள். மூன்று வயது நிரம்பாத குழந்தையும் விலகியது.

பின்னர் பிள்ளைகளைப் பள்ளியில் தொடர்ந்து கவனித்தபோது, நான்கரை வயதில் மற்றப் பாலினத்தவரோடு செலவிடும் நேரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நேரத்தைத் தம் பாலினத்தவரோடு செலவிட்டவர்கள், ஆறரை வயதில் பதினொரு மடங்கு செலவிட்டார்கள். பெரியவர்கள் பிரித்து வைத்ததால் மட்டும் இது நேரவில்லை என்பதும், வீட்டில் பெற்றோர் எவ்வளவு சமமாக நடத்தினாலும் சகவயதுக் குழுவுக்குள் தனியான ஒரு பயிற்சி நடக்கிறது என்பதும் 1998ஆம் ஆண்டு வெளியான 'த டூ செக்ஸஸ்' நூலில் அவர் விரித்துரைத்தவை. அப்போது அவருக்கு வயது 81. வகுப்பறையில் பெண்பிள்ளை 'நிறுத்து' என்று சொல்வதை ஆண்பிள்ளைகள் கேட்கிறார்களா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ஆசிரியை என்ற முறையில் அந்த இடத்தில் நீங்கள் தலையிட முடியும்.

கேள்வி: கைப்பேசி யுகத்தைப் பற்றி அவர் ஏதேனும் சொன்னாரா? (வாசகர், கோவை)

கைப்பேசியைப் பற்றி நான் படித்ததில்லை. தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த புதிதிலேயே அதைப் பற்றி ஆய்வு செய்தார். 1951ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் பகுதியில் தொலைக்காட்சி வாங்கிய வீடுகளைக் குறித்து, குடும்பத்தினர் முன்பைவிட அதிக நேரம் ஒரே அறையில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து தனித்தனியே பார்க்கிறார்கள் என்று பதிவு செய்தார். மூன்றாண்டு கழித்து எழுதிய மற்றொரு கட்டுரையில், வசதியான நடுத்தர வீடுகளில் கட்டுப்பாடுகளால் மனம் நொந்த பிள்ளைகளே அதிகம் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்று காட்டினார். எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்பதோடு, எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான் என்பதையும் கேட்க வேண்டும் என்ற அவருடைய அணுகுமுறை கைப்பேசிக்கும் பொருந்தும் என்பது என் துணிபு.

கேள்வி: என் மகளும் மருமகனும் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பேத்தி வாரக்கடைசியில் தந்தை வீட்டுக்குப் போய் வருகிறாள். பாட்டியாக நான் செய்யக்கூடியது என்ன என்பதற்கு மக்கோபியிடம் வழி இருக்கிறதா? (ஒரு பாட்டி, சென்னை)

இருக்கிறது அம்மா. அவருடைய பிற்கால உழைப்பின் மையமே உங்கள் பேத்தி போன்ற பிள்ளைகள்தான்.

1980களின் நடுவில் கலிஃபோர்னியாவின் இரண்டு மாவட்டங்களில் மணமுறிவுக்கு விண்ணப்பித்த, பிள்ளைகள் உள்ள ஏறத்தாழ 1,100 குடும்பங்களை அவரும் சட்டப் பேராசிரியர் ராபர்ட் நூக்கினும் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்றாண்டுக் காலத்தில் மும்முறை பெற்றோரிடம் பேசினார்கள். 1992ஆம் ஆண்டு வெளியான 'டிவைடிங் த சைல்ட்' அதன் விளைவு. பிள்ளை யாரிடம் என்பதற்காக நீதிமன்றத்தில் இறுதிவரை மோதியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் தமக்குள்ளாகவே ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அதன்பின் கலந்து பேசிச் சேர்ந்து வளர்த்தவர்கள் சிறுபான்மையினர். சண்டை தேய்ந்து, பேச்சும் தேய்ந்து, இரண்டு வீடுகளும் தனித்தனி ஆட்சியாக நடப்பதே நாளடைவில் மிகுதியாகக் காணப்பட்ட முறை.

அடுத்து அவர்கள் செய்ததுதான் உங்களுக்கு வேண்டியது. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த, பத்தரை வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள 522 பிள்ளைகளிடம், பெற்றோர் பிரிந்து ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் கழித்து, கிறிஸ்டி புக்கானன், சான்ஃபோர்ட் டார்ன்புஷ் ஆகியோருடன் சேர்ந்து தொலைபேசியில் பேசினார் மக்கோபி. தாய்க்கும் தந்தைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டதாக உணர்கிறாயா என்பது அதில் முக்கியமான கேள்வி. அம்மா உன்னிடம் அப்பாவுக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறாரா, அங்கே என்ன நடக்கிறது என்று அப்பா துருவிக் கேட்கிறாரா, ஒரு வீட்டில் மற்ற வீட்டைப் பற்றிப் பேசத் தயங்கி எதையாவது மறைக்கிறாயா என்றெல்லாம் கேட்டார்கள்.

பெற்றோரின் பகை தணியாத வீடுகளில் இந்த உணர்வு மிகுந்திருந்தது. இந்த உணர்வு மிகுந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வும் தவறான நடத்தையும் அதிகமாக இருந்தன. பெற்றோர் ஒத்துழைத்த இடங்களில், இரு வீடுகளிலும் மாறிமாறி வாழ்ந்த பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். அதே ஏற்பாடு, பகை மூண்டிருந்த இடங்களில் பிள்ளைகளை மேலும் வதைத்தது. ஆகவே எந்த வீட்டில் எத்தனை நாள் என்ற கணக்கைவிட, இரண்டு வீடுகளுக்கும் இடையே பிள்ளை எதைச் சுமந்து செல்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறது இந்த ஆய்வு. தாய், தந்தை இருவரிடமும் நெருக்கமாக இருந்த பிள்ளைகள் நடுவில் அகப்பட்ட உணர்வு குறைந்தவர்களாகவே இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். தந்தையிடம் ஒட்டினால் தாயிடமிருந்து விலகிவிடுவாள் என்று உங்கள் வீட்டில் யாரேனும் அஞ்சினால், அந்த அச்சத்துக்கு இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை.

உங்களால் ஆவதை இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை திரும்பி வரும் பேத்தியிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். அங்கே யார் வந்தார்கள், புதிதாக என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாம். பள்ளிக் கட்டணமோ பண்டிகை ஏற்பாடோ, மருமகனிடம் சொல்ல வேண்டியதை உங்கள் மகளே சொல்லட்டும், அல்லது நீங்கள் சொல்லுங்கள்; பேத்தியின் வாய்வழியாக அது போகக் கூடாது. தந்தையின் பிறந்தநாளன்று அவள் அவரோடு பேச விரும்பினால் கைப்பேசியை எடுத்துக் கொடுங்கள். உடன் வசிக்காத பெற்றோர், பிறந்தநாள் போன்ற நாட்களை நினைவில் வைத்திருப்பதை அந்த 522 பிள்ளைகள் பெரிதாகவே மதித்தார்கள் என்பதால், அவளுடைய பிறந்தநாளை அவர் மறந்துவிடும் ஆள் என்றால் முன்கூட்டியே ஒரு சொல் அவருக்கு நினைவூட்டுவதும் தவறில்லை. அவரைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். அதைக் கேட்பதற்கு உங்கள் வயதொத்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது, பெற்றோர் வளர்ப்பில் ஒன்றும் இல்லை என்று இப்போது சொல்கிறார்களே? (வாசகர், யாழ்ப்பாணம்)

1990களின் இறுதியில் அமெரிக்காவில் இந்த வாதம் பெரிதாக எழுந்தபோது, மக்கோபி 83ஆம் வயதில், 2000ஆம் ஆண்டு, அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். மரபின் பங்கை அவர் மறுக்கவில்லை. மரபுக்கு இத்தனை பங்கு என்று கண்டுபிடித்துவிட்டால் மீதிதான் வளர்ப்புக்கு என்று கழித்துச் சொல்லும் கணக்கே தவறு என்றார். தத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுத்திறனில் யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசையில் அவர்கள் பெற்ற தாயை ஒத்திருக்கலாம். ஆனால் நல்ல வளர்ப்பு வீட்டில் அவர்கள் அனைவருடைய சராசரியும் மேலே ஏறுகிறது. வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு மரபு மட்டும் தெரியும். ஏற்றத்தையும் பார்ப்பவருக்கு வீடும் தெரியும். மூன்று தத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய் எழுதியது என்று கட்டுரையில் எங்கும் குறிப்பு இல்லை. அதை அறிந்து படிக்கும்போது எனக்கு அந்தப் பகுதி கூடுதலாக அழுத்தம் பெற்றது.

கண்டிப்பும் வேண்டும், பிள்ளையின் தேவையறிந்து இணங்குவதும் வேண்டும், இரண்டையும் தனித்தனி அளவுகோலாகப் பார்க்க வேண்டும் என்று ஜான் மார்ட்டினுடன் சேர்ந்து அவர் 1983ஆம் ஆண்டு எழுதிய அத்தியாயம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் முன்பே வகுத்த பிள்ளை வளர்ப்பு முறைகளோடு, கண்டிப்பும் இல்லாமல் இணக்கமும் இல்லாமல் பிள்ளையைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும் நான்காவது வகையைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது அது.

கேள்வி: நூறு வயதைக் கடந்ததற்கு அவர் ஏதேனும் ரகசியம் சொல்லியிருக்கிறாரா? அவருடைய நூல்களில் எதை முதலில் படிக்கலாம்? (வாசகி, பெங்களூரு)

ரகசியம் எதையும் அவர் பெயரால் சொல்ல நான் துணிய மாட்டேன். புலால் உண்ணாத குடும்பத்தில் பிறந்தார் என்று மேலே எழுதியதை வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கணவர் 1992ஆம் ஆண்டு காலமானார். அதன்பின் 26 ஆண்டுகள் வாழ்ந்தார். பணி ஓய்வுக்குப் பிறகும் எழுத்தை விடவில்லை. தொண்ணூறாவது வயதில், 2007ஆம் ஆண்டு, பிள்ளை வளர்ப்பு ஆய்வுகள் கடந்து வந்த பாதையைப் பற்றி ஒரு தொகுப்பு நூலில் நீண்ட கட்டுரை எழுதினார். அந்தப் பாதையின் பெரும்பகுதியை அவரே நடந்து கடந்தவர் என்பதால், பிழையென்று பின்னால் தெரியவந்த கொள்கைகளைக்கூட அவற்றை நம்பியவர்களின் பக்கம் நின்று விளக்க அவரால் முடிந்தது.

முதலில் படிக்க 'த டூ செக்ஸஸ்' நூலைப் பரிந்துரைப்பேன். எளிய ஆங்கிலம், புள்ளிவிவர அட்டவணைகள் குறைவு. 1974ஆம் ஆண்டு நூல் தேடிப் பார்ப்பதற்கு உரியது, தொடர்ந்து வாசிப்பதற்கு உரியதன்று. மணமுறிவு பற்றிய இரண்டு நூல்களும், அதாவது 'டிவைடிங் த சைல்ட்' நூலும் அந்த 522 பிள்ளைகளிடம் பேசியதைப் பற்றிய நூலும், வழக்கறிஞர்களுக்கும் குடும்பநல ஆலோசகர்களுக்கும் மிகவும் பயன்படும். பாஸ்டன் தாய்மாரைப் பற்றிய நூல் பழைய நூலகங்களில் அகப்பட்டால், அதில் இடையிடையே தாய்மாரின் பேச்சு அப்படியே அச்சாகியிருக்கும் பக்கங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.